கைப்பிடி இல்லாத இழுப்பறை

மதிப்பும் பாசமும் மிக்க பெரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிய தையற்காரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுத வரவில்லை. அங்கே நீங்களும் அக்காவும் நலமாயிருக்க வேண்டும். போனில் சொல்லியிருப்பேன். அக்கா காதில் விழுந்தால் அரைமணியில் உங்கள் தங்கைக்குப் போய்விடும். அதனால் நாளைக் காலை உங்கள் ஊருக்கு வரும் வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கணக்கு டீச்சர்களுக்கான பயிற்சி முடிந்து அவள் ஞாயிறு மாலை வருகிறாள். அதற்குள் உளியோடு வந்துவிடுங்கள்.

பாப்பாவின் மேஜைக்கு இழுப்பறை வேண்டும் என்றதும், தச்சு வேலைக்கு அண்ணன் இருக்கிறாரே என்றாள் உங்கள் தங்கை. நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நாலு பக்கம் பலகை, அடியில் ஒரு தட்டு, சட்டைக் கை தைப்பதைவிட இது லேசு என்று சொல்லிவிட்டேன். நீங்கள் அனுப்பிய பலகையும் வந்தது. மேஜையின் பொந்தை என் டேப்பால் அளந்தேன், பதினாலு அங்குலம். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், தையலுக்கென்று பக்கத்துக்கு அரை அங்குலம் கூட்டிக் கை தானாக வெட்டிவிட்டது. துணியென்றால் மடித்துத் தைக்கலாம், பலகையை எங்கே மடிப்பது? தோள் இறங்கிப்போகும்வரை இழைத்தேன். அப்படியும் ஒரு நூல் அளவு இடித்தது. சட்டை இறுக்கிப் பிடிக்கிறது என்று வருகிறவர்களிடம், போடப் போடச் சரியாகிவிடும் என்று தினமும் சொல்கிற வாய் எனக்கும் அதையே சொன்னது. சுத்தியலால் நாலு போடு போட்டேன், போய் உட்கார்ந்துகொண்டது. இழுக்கலாம் என்றால் கைப்பிடி இல்லை. பொத்தானைக் கடைசியில்தானே தைப்போம், அந்த நினைப்பில் விட்டிருந்தேன். அப்புறம் கைப்பிடி ஒன்றை வெளியிலிருந்து திருகி மாட்டி இழுத்தேன், அது மட்டும் கையோடு வந்தது.

இதுவாவது போகட்டும். நான் சுத்தியல் எடுக்கப் போன நேரத்தில் பாப்பா ஏதோ ஒன்றை அதற்குள் வைத்திருக்கிறாள். மேஜையை ஆட்டினால் சரசரவென்கிறது. பள்ளிக்கூடத்துக் காகிதமாம், அதற்குமேல் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். முகமெல்லாம் வெளுத்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். உடைத்துவிடட்டுமா என்றால், "வேணாம்பா, அது அப்படியே இருக்கட்டும்" என்கிறாள். எட்டு வயதுக் குழந்தை அப்பனைப் பார்த்துப் பரிதாபப்படுகிறது மச்சான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், என்னையும் சேர்த்து.

இப்படிக்கு,
பயத்துடன்,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: வர வேண்டாம். மேஜையின் முதுகுப் பலகையைக் கழற்றிப் பின்னாலிருந்து தள்ளி எடுத்துவிட்டேன். உள்ளே இருந்தது பாப்பாவின் மார்க் ஷீட். கணக்கில் நூற்றுக்குப் பதினெட்டு. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா, மறுபடியும் உள்ள வச்சு அடிச்சிடுங்க" என்றாள். பதினாலு அங்குலப் பொந்துக்குப் பதினைந்து அங்குலத்தில் பெட்டி செய்தவன் அவளை எந்த வாயால் திட்டுவது? என்னைப் போலவே பயந்து நடுங்கும் இன்னொரு ஆள் இந்த வீட்டில் இருப்பது இவ்வளவு நாள் எனக்குத் தெரியாது. சீட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்தேன். அவள் மேஜையைப் பிடித்துக்கொள்ள, இந்தமுறை சுத்தியலால் ஆறு போடு போட்டேன். இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். உங்கள் தங்கையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள்.