தாயின் பெயர்: கட்டாயம் நிரப்பவும்

எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் வசித்துவந்த நாய், நான்கே நாள் வாந்தியாலும் கழிச்சலாலும் அவதிப்பட்டு, இரண்டு மாதத்துக்கு முன் இயற்கை எய்தியது. குடியிருப்போர் நலச் சங்கம் அவசரக் கூட்டம் கூட்டி இரண்டு நிமிட மௌனம் அனுசரித்தது. லிஃப்டில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது: “நோய் பரவாமல் தடுக்க அனைவரும் ஒத்துழைக்கவும்.” எதற்கு ஒத்துழைப்பது என்று அதில் இல்லை. ஆனாலும் எல்லாரும் ஒத்துழைத்தோம்.

எங்கள் வீட்டில் ஒரு நாய்க்குட்டி இருக்கிறது, அப்போது அதற்கு ஒன்பது வாரம். உருண்டையாக இருப்பதால் பெயர் பட்டாணி. இரண்டரை வயது மகளும் இருக்கிறாள். இருவருக்கும் ஒரே தலையணை, ஒரே பிஸ்கட், மாறி மாறிக் கடி. மகளுக்குத் தெளிவாகச் சொல்ல வருகிற வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: “என்னுது.” பொம்மை என்னுது, அப்பா செருப்பு என்னுது, எதிர்வீட்டு அழைப்பு மணி என்னுது. பட்டாணியைக் கட்டிக்கொண்டு சொல்லும்போது மட்டும் குரல் சற்று இறங்கும். அந்தக் குரலுக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் போனேன்.

முதலில் சங்கத் தலைவரிடம் கேட்டேன். அவருடைய நாய் நான்கு காலிலும் காலுறை போட்டுக்கொண்டுதான் வெளியே வரும்.

“தடுப்பூசியா? ஐயையோ, அதெல்லாம் கெமிக்கல்மா. நம்ம பையனுக்கு எதிர்ப்புச் சக்தி கழுத்துலயே இருக்கு பாரு,” என்று நாய் கழுத்தில் கிடந்த ஒரு பாசிமணி மாலையைக் காட்டினார்.

“மூணாவது மாடி நாய்க்கும் இதே மாலைதானே சார் போட்டிருந்தாங்க?”

“அது டூப்ளிகேட்.”

தனியார் மருத்துவமனைகளில் மருந்து தீர்ந்துபோயிருந்தது. ஆகவே பட்டாணியைப் பையில் போட்டுக்கொண்டு, விலங்கு நோய்த் தடுப்பு அலுவலகம், அறை எண் நான்குக்குப் போனேன். அங்கே ஒரு மேசை மின்விசிறி, மனிதர்கள் பக்கம் திரும்பாமல் கோப்புகளுக்கு மட்டும் காற்று வீசிக்கொண்டிருந்தது. எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார். “எல்லாக் கட்டத்தையும் நிரப்பிக் கொண்டாங்கம்மா.”

நான் கான்வென்டில் படித்தவள். காலிக் கட்டத்தைக் கண்டால் நிரப்பாமல் இருக்க முடியாது. காலியாக விட்டால் சிஸ்டர் ஸ்கேலை எடுப்பார். குட்டியின் பெயர்: பட்டாணி. வயது: ஒன்பது வாரம். அடுத்த கட்டம் “தாயின் பெயர், கட்டாயம் நிரப்பவும்.” மகளின் பள்ளிச் சேர்க்கைப் படிவங்களை ஒரு மாதமாக நிரப்பிக்கொண்டிருந்த கை. அதுபாட்டுக்கு என் பெயரை எழுதிவிட்டது.

எழுத்தர் படித்தார். “தாய் யாரு?”

“நான்தான் சார்.”

“தடுப்பூசி போட்டாச்சா?”

“யாருக்கு, எனக்கா?”

“தாய்க்கு. தாய்க்குப் போட்டிருந்தாத்தான் குட்டிக்குப் போடுவோம்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, படிவம் கேட்டது குட்டியை ஈன்ற நாயை. “சார், தப்பா எழுதிட்டேன். அடிச்சுட்டு வேற எழுதித் தரேன்.”

“அடிச்சா படிவம் செல்லாது.”

“அப்ப வேற படிவம் குடுங்க.”

“பழசு தொலைஞ்சாத்தான் புதுசு. தொலைஞ்சுதா?”

“இல்ல, உங்க கையிலதானே இருக்கு.”

“அப்புறம்?”

“திருத்தச் சொல்லி மனு குடுக்கலாமா சார்?”

“தாராளமா. தொண்ணூறு நாள் ஆகும்.” பிறகு, நல்ல மனுஷர்தான், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “தாய் நீங்களேன்னா பத்து நிமிஷம்.”

மூன்றாம் மாடி நாய்க்கு நான்கு நாள்தான் ஆயிற்று. பைக்குள்ளிருந்து பட்டாணி என் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. நான் மூன்று வினாடிகூட யோசிக்கவில்லை. கைப்பையில் என் சான்றிதழ் கோப்பு இருந்தது. அது இல்லாமல் நான் வெளியே போவதில்லை. நான்காம் வகுப்பில் பள்ளி வாயிற்காவலரின் நாய் என்னைக் கடித்தபோது போட்ட ஊசிகளின் அட்டை அதில் பத்திரமாக இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

“ஒண்ணு விடாம போட்டிருக்கீங்க. வெரி குட்,” என்றார் எழுத்தர். என் வாழ்நாளில் அரசு அலுவலகம் ஒன்று என்னைப் பாராட்டியது அதுவே முதல் முறை.

“இனம்?” என்னை மேலும் கீழும் பார்த்தார். “கலப்புன்னு போட்டுக்கறேன். யார் மனசும் புண்படாது. கடிப்பீங்களா?”

“இதுவரைக்கும் இல்ல.”

“இதுவரைக்கும் இல்லை,” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். “உரிமையாளர்?”

கணவர் பெயரைச் சொன்னேன். அந்தக் கட்டத்தை மட்டும் மறுகேள்வி இல்லாமல் ஏற்றுக்கொண்டார்.

பட்டாணிக்கு ஊசி போடப்பட்டது. அது அழவில்லை, நான்தான் அழுதேன். எனக்கு 417 என்று எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று வழங்கப்பட்டது. வெளியே வரும்போது கண்ணில் படும்படி அணிய வேண்டும் என்பது விதி. விதியை மீறிப் பழக்கமில்லை, சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொண்டேன்.

“என்னடி இது, நாய் வில்லை மாதிரி இருக்கு?” என்றார் கணவர்.

“மாதிரி இல்லீங்க,” என்றேன்.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது ஊசி. அதற்குத் தந்தையின் சான்று வேண்டுமாம். கணவர் அரை நாள் விடுப்பு எடுத்து வந்து, “புள்ளைக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா” என்று வீராப்பாகக் கையெழுத்துப் போட்டார். உடனே எழுத்தர், அலுவலகம் அழித்தால் படிவம் செல்லுமாம், ரப்பரை எடுத்து உரிமையாளர் கட்டத்திலிருந்து அவர் பெயரை அழித்தார்.

“விதி ஒன்பது. உரிமையாளர் நாயாக இருத்தல் கூடாது.”

“அப்ப அங்க யாரை எழுதறது?” என்றார் கணவர்.

“அதை அப்புறம் பாத்துக்கலாம் சார். கட்டாயம்னு போடலையே.”

இதற்குள் என் கழுத்து வில்லையை லிஃப்டில் நான்கு பேர் பார்த்துவிட்டார்கள். “எங்க வாங்கினீங்க? ஆன்டிக் பீஸா?” என்று ஐந்தாம் மாடிப் பல் மருத்துவர் கேட்டார். உண்மையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். மறுநாள் காலையிலேயே குடும்பத்தோடு அறை நான்கு வாசலில் நின்றார். கடையில் வாங்கிய நாய்களுக்கு உண்மையான தாய் யாரென்று யாருக்குத் தெரியும்? எழுத்தரும் பிரசவ காலத்து ஊசி அட்டை வரைக்கும் ஏற்றுக்கொண்டார். என் கோப்பு முன்னுதாரணமாகிவிட்டதாம். மாதம் முடிவதற்குள் வில்லை இல்லாமல் லிஃப்டில் ஏறுவது அநாகரிகம் என்றாகிவிட்டது. கெமிக்கல் ஆகாத தலைவர், “கலப்பு” என்று எழுத விடாமல் ஒரு மணி நேரம் வாதாடி, “உயர் ரகம், இறக்குமதி” என்று பதிவு செய்துகொண்டு, வில்லைக்குத் தங்கமுலாமும் பூசிக்கொண்டார். இனம் என்னவென்று கேட்டது புரியாமல் எங்கள் வாயிற்காவலர் “காவல்” என்று சொல்ல, அவர் காவல் நாயானார்.

குழந்தைகளும் வில்லை கேட்டு அடம்பிடித்தார்கள். படிவத்தில் ஓர் ஆளுக்கு ஒரு குட்டிதான். மற்ற வீடுகளில் இரண்டாவது ஊசி வருவதற்குள் நாயை அம்மா பெயரிலும் பிள்ளையை அப்பா பெயரிலும் எழுதிச் சமாளித்தார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேருமே பட்டாணிக்கே செலவாகிவிட்டோம். மகளுக்கு மட்டும் வில்லை கிடைக்கவில்லை. அவள் அழுத அழுகையில் நான் தோற்ற தாயாக உணர்ந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை நாய் பிடிக்கும் வண்டி வந்து வாசலில் நின்றது. ஓட்டுநர் கையில் நான்கு பக்கப் பட்டியல்.

“ஒரே கட்டடத்துல நூத்தி இருபத்தாறு நாய். ஒண்ணுக்கும் உரிமையாளர் இல்ல. விதிப்படி எல்லாம் தெருநாய். வரிசையா ஏறுங்க.”

“யோவ், நான் இந்தச் சங்கத்துக்குத் தலைவர்!” என்று தலைவர் பாய்ந்தார்.

ஓட்டுநர் விரலை வைத்துத் தேடினார். “உயர் ரகம்னு போட்டிருக்கு சார். தனிக் கூண்டு தருவோம்.”

தலைவர் கொஞ்சம் சமாதானமானார்.

பல் மருத்துவர் சட்டம் பேசினார். “பல் ஈறு தெரியக் கத்தாதீங்க, ‘கடிக்கும்’னு மாத்தி எழுத வேண்டி வரும்,” என்றார் ஓட்டுநர். கூட்டம் அடங்கிவிட்டது. எனக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. “பட்டாணியுமா?” என்றேன்.

“லிஸ்ட்ல அதுக்கும் உங்களுக்கும்தான்மா முதல் இடம்.” குனிந்து என் காலடியில் இருந்த பட்டாணியைத் தூக்கப் போனார்.

என் முந்தானைக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு பட்டாணியின் வாலைப் பிடித்தது.

“என்னுது.”

ஓட்டுநர் நிமிர்ந்தார். பட்டியலை முன்னும் பின்னும் புரட்டினார். “பாப்பா இதுல இல்லையே. பாப்பா நாய் இல்லையா?”

“இல்லீங்க,” என்றேன். “விட்டுப்போச்சு.”

“அப்ப மனுஷி.” அவருக்கே ஆறுதலாக இருந்தது போல. மண்டியிட்டு, முறைப்படி விசாரித்தார். “இது உன்னுதா பாப்பா?”

“என்னுது.”

“இந்தம்மா?”

“என்னுது.”

“இந்தத் தங்க வில்லைக்காரர்?”

தலைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் அவர் வில்லையை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். “என்னுது,” என்றாள். ஓட்டுநர் நூற்று இருபத்தாறு பேரையும் ஒவ்வொருவராகக் காட்டினார். அவள் ஒருவரையும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அவள் கட்டை விரலை மையில் ஒற்றி நான்கு பக்கத்திலும் ரேகை எடுத்துக்கொண்டு அவர் வண்டியோடு போய்விட்டார்.

பட்டாணி நலம். மூன்றாவது ஊசியும் முடிந்தது. நாய்களைப் பழக்குவது உரிமையாளரின் பொறுப்பு என்று விதி பன்னிரண்டு சொல்வதால், தினமும் மாலை ஐந்து மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் எல்லாரும் கூடுகிறோம். மகள் புதிதாக ஒரு வார்த்தை கற்றுக்கொண்டிருக்கிறாள்: “உக்காரு.”

பட்டாணிக்கு இன்னும் பிடிபடவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. மற்ற நூற்று இருபத்தைந்து பேரும் சொன்ன உடனே உட்கார்ந்துவிடுகிறோம். தலைவர் மட்டும் உட்கார்ந்த பிறகு பிஸ்கட்டுக்குக் கை நீட்டுகிறார்.