உங்களுக்கு என்ன தோணுது?

"அப்போ நான் தனிக்கடை போடட்டுமா, வேண்டாமா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார் தையற்காரர்.

"உங்களுக்கு என்ன தோணுது?" என்றார் மனநல ஆலோசகர், அவரும் மூன்றாவது முறையாக.

"எனக்குத் தோணியிருந்தா நான் ஏன் மேடம் இங்க வரேன்?"

நியாயமான கேள்விதான். ஆனால் ஆலோசகர் அதற்கும் பதில் சொல்லமாட்டார். பதில் சொல்லாததுதான் அவருடைய முறையே. வருகிறவர் மனசுக்குள்ளேயே விடை இருக்கிறது, நம் கருத்தைத் திணிக்கக் கூடாது என்பார். எட்டு வருஷமாகப் பலித்த கொள்கை. இன்றைக்கு அழுதுகொண்டு போகிறவர்கள் அடுத்த தடவை தெளிந்த முகத்தோடு வந்து, "நானே முடிவு பண்ணிட்டேன் மேடம்" என்பார்கள். மகனோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்த இந்தத் தையற்காரர்கூடப் போன மாதம் அப்படித்தான் தானாகப் போய்ப் பேசினார்.

இந்த அதிசயத்தைப் பற்றிப் பேசத்தான் ஆலோசகர்கள் சங்கத்தில் சனிக்கிழமை கூப்பிட்டிருக்கிறார்கள். பேர் சொல்லாமல் முதல் உதாரணமாகத் தையற்காரரைத்தான் எழுதி வைத்திருந்தார்.

அந்த மனிதர்தான் மூன்று வாரமாக உயிரை எடுக்கிறார். அவர் மட்டுமா? வருகிற அத்தனை பேரும் "நீங்களே சொல்லுங்க மேடம்" என்று பிடுங்குகிறார்கள். போதாக்குறைக்கு வரவேற்பறையில் இருக்கும் அக்கா, தன் மகளின் பிரசவத்துக்காக லீவு. யாராவது குமுறி அழும் நேரம் பார்த்து வெளியே போன் அடிக்கும். ஆலோசகர்தான் ஓட வேண்டும்.

தனிக்கடையால் வரும் நல்லது கெட்டதை எழுதிக்கொண்டு வரச் சொல்லிப் பார்த்தார். தையற்காரர் எழுதினார், கடையின் அளவு நோட்டிலேயே. கடையில் பாதி அவருடைய மச்சானுடையது. யாருடைய தோளளவையோ பார்க்க நோட்டைத் திறந்த மச்சான், தன்னை அவர் அளவெடுத்து எழுதியிருந்ததையும் படித்துவிட்டார்.

அடுத்த தடவை மச்சானும் கூடவே வந்து வெளியே உர்ரென்று உட்கார்ந்திருந்தார்.

சரி, மனசில் இருப்பதைக் கொட்டட்டும் என்று ஆலோசகர் ஒரு காலி நாற்காலியை இழுத்துப் போட்டார். அதில் மச்சான் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசச் சொன்னார். இருபது வருஷம் தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"மச்சான்" என்று ஆரம்பித்தார் தையற்காரர்.

கதவு திறந்தது. மச்சான் வந்து அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, "என்ன?" என்றார்.

அதற்குப் பிறகு அரைமணி நேரம் யார் எந்தக் காலரைக் கோணலாக வெட்டினார் என்பதே பேச்சு. கடைசியில் இருவரும் ஆலோசகர் பக்கம் திரும்பி, யார்மேல் தப்பு என்று கேட்டார்கள். எப்படியோ போய்த் தொலையுங்கள் என்ற வார்த்தை ஆலோசகரின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"உங்க ரெண்டு பேருக்கும் என்ன தோணுது?"

மச்சான் தையற்காரரைப் பார்த்தார். "இந்த ஒரு கேள்வியைக் கேக்கவா இவங்க இவ்வளவு படிச்சாங்க?"

அன்று ஆலோசகருக்கு அழுகையே வந்துவிட்டது. எட்டு வருஷமாகத் தான் நம்பியது எல்லாம் பொய்யோ? சங்கத்துக்குப் போன் செய்து உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தார்.

வியாழக்கிழமை அக்கா வேலைக்குத் திரும்பினார். போன் தொல்லையாவது விட்டது. தையற்காரர் அன்றும் வந்து ஒரு மணி நேரம் அதே பல்லவியைப் பாடிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை அவரே சிரித்த முகமாக வந்து நின்றார். "நானே முடிவு பண்ணிட்டேன் மேடம். கடை ஒண்ணாவே இருக்கட்டும். பேன்ட் மச்சான், சட்டை நான். நடுவுல ஒரு திரை. மச்சானும் சரின்னுட்டாரு."

ஆலோசகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவரை வழியனுப்பிவிட்டு நேரே அக்காவின் மேஜைக்குப் போனார்.

"பாத்தீங்களா அக்கா? நான் வாயே திறக்கல. பொறுமையா இருந்தா அவங்களுக்கே பதில் வந்துடுது."

காத்திருந்தவர்களில் முதல் ஆளைத் தன் பக்கத்து நாற்காலிக்கு வரச்சொல்லிக் கைகாட்டிய அக்கா, நிமிர்ந்து பார்த்தார்.

"அதான் மேடம் எனக்கும் ஒரே கவலை. நான் லீவுல இருந்த மூணு வாரமும் இவங்களுக்கெல்லாம் யாரு பதில் சொன்னாங்க?"