நாலு பக்கமும் தண்டவாளம்

ஊருக்கு ஒரு ஹப்காரர் உண்டு. நீங்கள் அவரைப் பார்க்காவிட்டாலும், அவர் உங்களைப் பார்க்காமல் விட்டிருக்க மாட்டார். ஹப் என்றால் வேறொன்றுமில்லை. நாலா திசையிலிருந்தும் சரக்கு ரயிலில் வந்து இறங்கி, வண்டி மாறி, லாரி ஏறிப் போகும் பெரிய இடம். அது எந்த ஊருக்கு வரும் என்று யாரும் சொல்லவில்லை. அது ஹப்காரருக்கு மட்டும் தெரியும். அவர் ஊருக்குத்தான்.

திண்டுக்கல்லில் இந்த இனத்துக்கு முகமது பாரூக் என்று பேர். தோல் வியாபாரம். கூட்ஸ் வண்டிச் சத்தம் கேட்டால் வாயில் வைத்த பிரியாணியை மெல்லாமல் பெட்டி எண்ணுவார். "அம்பத்தெட்டு. ஒண்ணாச்சும் நம்ம ஊர்ல நிக்குதா?" என்பார், ஏதோ நாம் கொடியாட்டி அனுப்பி வைத்த மாதிரி. எப்போது வரும் என்று கேளுங்கள். "பேப்பர்லயே போட்டுட்டான்." எந்தப் பேப்பர்? "நீங்க பேப்பரே படிக்கிறதில்லையா?" மௌத்தான வீட்டுக்குப் போனாலும், "நல்ல மனுசன், ஹப் வாரதப் பாக்காமப் போயிட்டாரு" என்றுதான் துக்கம் கேட்பார்.

இவரோடு இருபத்தாறு வருசம் குடும்பம் நடத்தியவள் சைதூன். பொறுமைக்குக் கூலி உண்டு என்று நம்புகிறவள். ஆனால் மகள் தஹ்சீனுக்கு வந்த இடம் மூன்று கலைந்துவிட்டதே, அதற்கு என்ன செய்வாள்? கடைசியாக வந்த மதுரை மாப்பிள்ளையின் மாமா, எங்க ஊர்ல ஏர்போர்ட் இருக்கு என்று வாய் தவறிச் சொன்னார். அவ்வளவுதான். அவர்கள் குடித்த ரோஸ்மில்க் டம்ளரைக் கழுவும் முன் சம்பந்தம் முறிந்தது.

இந்தத் தடவை கரூர். பையன் அயாஸ். மூன்று மாப்பிள்ளைக்கும் தோளைக் குலுக்கிய தஹ்சீன், இவனுக்குத்தான் "சரிம்மா" என்றாள். சைதூன் இரண்டு ரக்அத் அதிகமாகத் தொழுதாள். புருசனிடமும் வாக்கு வாங்கினாள்.

"அந்தப் பேச்ச மட்டும் எடுக்காதீங்க."

"எடுப்பேனா புள்ள? நான் என்ன பைத்தியமா?"

சைதூன் அதற்கும் சேர்த்து துஆ கேட்டாள். ஆனால் துஆவில் ஒன்றைக் கேட்க மறந்துவிட்டாள்: பையனைப் பெற்றவரும் அதே இனமாக இருக்கக் கூடாது என்று.

அயாஸின் அத்தா வாஜித் ஜமுக்காளத்தில் உட்கார்ந்ததுமே, "லேட்டாயிருச்சுங்க பாய். ரயில்வே கேட்டப் போட்டுட்டானுங்க. கூட்ஸு. நாப்பத்திரெண்டு பெட்டி" என்றார்.

பாரூக்கின் கண் விரிந்தது. "எண்ணினீங்களா?"

"எண்ணாம இருப்பனுங்களா?"

வாக்கு போயிற்று. தட்டிலிருந்த சமோசாக்கள் ஜமுக்காளத்தில் ரயிலாக வரிசை கட்டின. தண்ணீர்ச் சொம்பு திண்டுக்கல்.

"பாருங்க, நமக்கு நாலு பக்கமும் லைனு. மதுரை, திருச்சி, பழனி, கரூர். வேற எங்க வரும் ஹப்பு?"

வாஜித் தன் டம்ளரைத் தள்ளி வைத்தார். "இது கரூருங்க. எங்களுக்கும் நாலுதானுங்க. ஈரோடு, சேலம், திருச்சி, திண்டுக்கல்."

"நாங்க உங்களுக்கு ஒரு பக்கமா?"

"நாங்க மட்டும் உங்களுக்கு ஒரு பக்கமுங்களா?"

பூட்டு, தோல், காய்கறி என்றார் இவர். துணி, பஸ் பாடி கட்டும் பட்டறை என்றார் அவர். பாரூக் கரூர் போகும் ரயிலில் ஒரு பெட்டியை எடுத்துக் கடித்தார். வாஜித் எழுந்தே விட்டார். "வா அயாஸ், போலாம். மருவாதி தெரியாத எடம்."

அயாஸ் பாதிதான் எழுந்தான். அடுக்களை வாசலில் தஹ்சீன் அம்மாவின் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் சைதூனுக்கு வாய் வந்தது. பொய் சொல்ல அவளுக்கு வராது. தெரிந்ததைச் சொன்னாள்.

"என் தங்கச்சி சேலத்துல இருக்கா. எதுத்த வீட்டுக்காரரு தெனமும் சொல்றாராம், ஹப்பு அங்கதானாம். அவுகளுக்கு அஞ்சு பக்கம் லைனாம்."

இரண்டு தலையும் ஒரே நேரத்தில் அடுக்களைப் பக்கம் திரும்பின.

"அஞ்சா?" என்றார் பாரூக்.

"எவனுங்க அவன்?" வாஜித் மறுபடியும் உட்கார்ந்தார். "சேலத்துல என்னங்க இருக்குது?"

"மாம்பழம் இருக்கு."

"மாம்பழத்துக்கு எதுக்குங்க ஹப்பு?"

"அப்படிக் கேளுங்க சம்பந்தி" என்றார் பாரூக்.

அந்தச் சொல் விழுந்ததை அவர்களே கவனிக்கவில்லை. ஹப் கேட்டு ரெண்டு ஊரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுப்பது என்று முடிவாயிற்று. அயாஸ் சமோசாத் தண்டவாளத்தைத் தாண்டி அடுக்களைப் பக்கம் பார்த்துச் சிரித்தான். அவன் அம்மா நஸீரா சைதூனின் காதருகே வந்தாள். "நிக்காஹ் கரூர்லயா, திண்டுக்கல்லயான்னு கேட்டுரட்டுங்களா?"

"செத்த நேரம் பொறுங்க. சேலத்த இன்னுங் கொஞ்சம் திட்டட்டும்."

நல்லவேளை, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் அஞ்சு பக்கம் என்று வந்தபோது, உங்கள் ஊருக்கு எத்தனை பக்கம் என்று ஒரு விரல் மடங்கியதே? பொண்ணு பார்க்கப் போகும்போது அந்தக் கையைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்.