கட்டை போட ஒரு ஆள்

எனக்கும் என் வண்டிக்கும் ஒரே பிரேக்காக இதுவரை என் மனைவி இருந்தது போதும், இனி வண்டிக்காவது தனி பிரேக் வைத்துவிடுவது என்று ஒரு சனிக்கிழமை காலையில் முடிவு செய்தேன். நான் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். என் மனைவி வேறு முடிவு எடுக்கும்வரை அதை யாராலும் மாற்ற முடியாது.

வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். கல்குவாரியில் உழைத்து ஓய்வு பெற்ற பழைய டிரக். நாலு சக்கரமும் இழுக்கும். சேற்றில் இறங்கும், மேட்டில் ஏறும், நிறுத்திவிட்டு இறங்கினால் மட்டும் நிற்காது. கால் பிரேக் பிரமாதம். ஹேண்ட் பிரேக்தான் இல்லை. சக்கரத்துக்குள் இருந்த அந்தச் சாமான்கள் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன, புதுசாக எங்கும் கிடைக்கவில்லை. கியரில் போட்டு நிறுத்தினாலும் கிழம் முனகிக்கொண்டே நகரும். எங்கள் தெருவோ சரிவு.

அதனால் எங்கே நிறுத்தினாலும் ஒரே நடைமுறை. நான் பிரேக்கை மிதித்தபடி மகாராஜா மாதிரி உட்கார்ந்திருப்பேன். என் மனைவி மரக்கட்டையோடு குதித்து, பின்சக்கரத்துக்கு அண்டை கொடுப்பாள். "போட்டியா?" என்பேன். "போட்டாச்சு" என்பாள். பிறகுதான் காலை எடுப்பேன். மழையானாலும் வெயிலானாலும் இதேதான். அவள் ஒரு தடவைகூட முணுமுணுத்ததில்லை, அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும்.

இதில் எனக்கு ஒரு கஷ்டம் இருந்தது. கட்டை இல்லாமல் வண்டி இல்லை, மனைவி இல்லாமல் கட்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு வெல்டரோடு ஏரிக்கு மீன் பிடிக்கப் போனால் அவளும் வருவாள். கட்டையைப் போட்டுவிட்டு, கரையில் உட்கார்ந்து, "இன்னும் ஒண்ணும் விழலையா?" என்று சாயங்காலம்வரை கேட்பாள். ஒருமுறை அவளை விட்டுவிட்டு வெல்டரை நம்பிப் போனேன். மனிதர் பதற்றத்தில் கட்டையைச் சக்கரத்துக்கு மேட்டுப்பக்கம் வைத்துவிட்டார். வண்டி எங்களுக்கு முன்னால் ஏரியில் இறங்கிவிட்டது.

அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமை மேல் ஒரு கண் உண்டு. வீட்டுக்குப் பின்னால் செடி வளர்த்து விற்கிறாள். மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் பெரிய நாற்றுப் பண்ணையிலிருந்து கன்றுகள் ஏற்றிவர வண்டி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "அடுத்த வாரம்" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். நானே ஓட்டிப் போய்க்கொள்கிறேன் என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துவிட்டேன். "இது ஆம்பளைங்க வண்டிம்மா, முரடு" என்று அன்பாக எடுத்துச் சொன்னேன்.

இப்போது என் மூளையைப் பாருங்கள். கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பார்கள். இன்ஜின் தரும் சக்தியை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பது அதுதான். அதிலிருந்து பின்பக்கம் போகும் தண்டில் ஒரு இரும்புத் தட்டை மாட்டி, அந்தத் தட்டைக் கவ்விப் பிடிக்க ஒரு பிரேக் வைத்து, கம்பி கட்டி, வண்டிக்குள் ஒரு நெம்புகோல் நட்டுவிட்டால் தீர்ந்தது. கோலை இழுத்தால் தண்டு சுற்றாது. தண்டு சுற்றாவிட்டால் சக்கரம் உருளாது. சக்கரம் உருளாவிட்டால் மனைவி வேண்டாம்.

கடைசி வரியை விட்டுவிட்டு மற்றதை அவளிடம் சொன்னேன். "எல்லாம் உனக்காகத்தான். நீ ஏறி இறங்கிக் கஷ்டப்படறதைப் பார்க்க முடியல." நல்ல யோசனை என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள். பழைய பாயைக்கூட அவளே வண்டிக்கு அடியில் விரித்துவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலு சக்கரத்துக்கும் கட்டை போட்டுவிட்டு அடியில் புகுந்தேன். தண்டைக் கழற்றினேன், தட்டை நுழைத்தேன், போல்ட்டை முறுக்கினேன். கிரீஸ் பாதி பாயிலும் மீதி என் மீசையிலும் விழுந்தது. தண்டைத் திரும்ப மாட்டிய பிறகு மேலே ஒரு ஆள் தேவைப்பட்டது. மனைவியை ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்காரச் சொன்னேன்.

"நானா? ஆம்பளைங்க வண்டின்னீங்களே."

"ஓட்டச் சொல்லலம்மா. மிதிக்கச் சொன்னா மிதி, இழுக்கச் சொன்னா இழு."

"மிதிக்க எட்டலைங்க."

"சீட்டை முன்னால இழுத்துக்கோ. இதெல்லாமா கேட்பாங்க?"

இழுத்துக்கொண்டாள். நெம்புகோலின் அடித்தட்டை எங்கே வைப்பது என்று அடுத்துக் கேட்டேன். சீட்டை ஒட்டி, கைக்கு வாகாக ஒரு இடத்தைத் தட்டிக் காட்டினாள். கீழிருந்தபடியே துளை போட்டு, போல்ட் கொடுத்து இறுக்கினேன். இந்த ஜென்மத்தில் கழலக்கூடாது என்று வெல்டரைக் கூப்பிட்டுப் பற்றவும் வைத்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

பிறகு சோதனை. நான் பக்கத்தில் நின்று தட்டையே குனிந்து பார்த்துக்கொண்டு உத்தரவு போட, அவள் ஓட்டிப் பார்த்தாள். ஸ்டார்ட் பண்ணு, கொஞ்சம் முன்னால் போ, நிறுத்து, கோலை இழு, பின்னால் வா. நடுநடுவே அப்பாவியாகச் சந்தேகம் கேட்பாள். ரிவர்ஸ் ஏன் விழ மாட்டேன் என்கிறது? கிளட்சை இரண்டுதடவை மிதித்து இடதுபக்கம் தட்டிப்போடு என்பேன். மேட்டில் ஏறும்போது திணறினால்? அதற்கு கியர் பக்கத்தில் இருக்கும் அந்தக் குட்டி லீவரைத் தள்ளு என்பேன். அந்த முரட்டு வண்டியின் அத்தனை ரகசியத்தையும் குனிந்த தலை நிமிராமல் ஒப்பித்தேன். இப்படியே சாயங்காலம்வரை தெருவில் ஏறி இறங்கினோம்.

கடைசியாகச் சரிவில் நிறுத்தி, கோலை இழுத்து, கட்டையை எடுத்தோம். வண்டி மலை மாதிரி நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெல்டர் மட்டும் ஒரு எச்சரிக்கை சொன்னார். "அண்ணே, டயர் மாத்தறதுக்குப் பின்சக்கரத்துல ஒண்ண ஜாக்கியில தூக்கினா இந்தப் பிரேக் பிடிக்காது. தூக்கினது காத்துல சுத்தும், தரையில இருக்கறது உருண்டுடும். அப்போ கட்டை போட்டே ஆகணும்."

தெரியும் தெரியும் என்றேன். கட்டைகளை அடுப்புக்குப் போடச் சொன்னேன். என் மனைவி அவற்றைத் துடைத்து எடுத்து வைத்தாள்.

ஞாயிறு காலை. தொப்பி, தூண்டில், பேரானந்தம். மனைவியைத் தூங்கட்டும் என்று விட்டுவிட்டு வண்டிக் கதவைத் திறந்து ஏறினேன். ஏறினேன் என்பது பாதி உண்மை. கால் ஏறியது, தொப்பை ஏறவில்லை. ஸ்டீயரிங் என் வயிற்றில் புதைந்தது. முழங்கால் தாடையைத் தொட்டது. சீட்டைப் பின்னால் தள்ளினேன். நகரவில்லை. குனிய முடியாததால் இறங்கிப் போய்ப் பார்த்தேன். சீட்டுக்கு நேர் பின்னால், அது நகரும் பாதையில் முட்டுக்கொடுத்தாற்போல், நான் பற்றவைத்த அடித்தட்டு உட்கார்ந்திருந்தது. ஜென்மத்துக்கும் அசையாது.

"எழுந்துட்டீங்களா?" என்று குரல் கேட்டது. என் மனைவி ஷூ போட்டு, பை மாட்டி நின்றாள். பக்கத்தில் வெல்டரின் மனைவி, அதே கோலத்தில்.

"சீட்டு நகர மாட்டேங்குது" என்றேன்.

"எனக்குச் சரியா இருக்குங்க."

"உனக்குச் சரியா இருந்து என்ன பண்றது? லைசென்ஸ் வேணாமா?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். கல்யாணத்துக்கு முன்பே வாங்கினதாம். இத்தனை வருஷமாகச் சொல்லவில்லையே என்றேன், மனம் விட்டுப்போய்.

"நீங்க கேட்கலையே. வண்டி முரடுன்னுதான் நானும் பயந்துட்டு இருந்தேன். நேத்து நீங்க அவ்வளவு பொறுமையா சொல்லிக்குடுத்தப்புறம் பயமே போயிடுச்சு."

பண்ணைக்குக் கிளம்புகிறார்களாம். கோலை விடுவித்து, கிளட்சை இரண்டுதடவை மிதித்து, ரிவர்ஸை இடதுபக்கம் தட்டிப் போட்டாள். நான் முக்கி முனகித் திருப்பும் வண்டி, வாசலில் வழுக்கிக்கொண்டு திரும்பியது. சரிவில் நிறுத்தி என் பிரேக்கை இழுத்தாள். அது அசையாமல் நின்றது. என் கைவண்ணத்தை நினைத்து அந்த நேரத்திலும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஜன்னல் இறங்கியது. "சும்மா ஏன் நிக்கிறீங்க? வழியில பஞ்சரானா ஜாக்கி போடணும். ஜாக்கி போட்டா பிரேக் பிடிக்காதாமே. கட்டை போட ஆள் வேணும்ல."

முன்சீட்டில் வெல்டரின் மனைவி இருந்தாள். கட்டையை என் கையில் கொடுத்தார்கள். தூண்டிலைச் சுவரோரம் சாத்திவிட்டு, காலித் தொட்டிகளுக்கு நடுவில் பின்னால் ஏறினேன். போகட்டும், தெருவில் ஒருவராவது இந்த அவமானத்துக்குத் தப்பித்தாரே, வெல்டராவது ஏரிக்குப் போவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஸ்டெப்னி டயர்மேல் வெல்டர் உட்கார்ந்திருந்தார், மடியில் இன்னொரு கட்டையோடு. "பள்ளத்துப் பக்கம் வைக்கணுமாம் அண்ணே," என்றார், "அக்கா ராத்திரியே சொல்லிக்குடுத்துட்டாங்க."