ஏலம் அண்ணன் போட்ட மார்க்

திருவொற்றியூரில் எங்கள் தெருக்காரர் யாரும் ஏலம் அண்ணனைக் கேட்காமல் செல்போன் கடைப் படி ஏறியதில்லை. கல்யாணத்துக்கு நாள் குறிக்கக்கூட ஒரே வாசலில் அத்தனை பேர் நின்று நான் பார்த்ததில்லை. இதில் உனக்கென்ன வயிற்றெரிச்சல் என்று கேட்பீர்கள். அவர் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில், வார இதழில் செல்போன்களை விமர்சித்துப் பிழைக்கும் நான் குடியிருந்தேன். என் வாசலில் பூனைதான் நிற்கும்.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவர், அதனால் ஏலம். தெருவில் யார் புது மாடலை முதலில் வாங்கினாலும் அது அவர் கைக்குப் போகும். விசைப்படகு இன்ஜின் பக்கத்தில் வைத்து மணி கேட்கிறதா என்று பார்ப்பார். உச்சி வெயிலில் திரையைப் பிடிப்பார். கடைசியாக மீன் கழுவிய கையால் தேய்ப்பார். பிறகு ஏலக் குரலில் தீர்ப்பு. ஐந்து நட்சத்திரம், நாலரை நட்சத்திரமெல்லாம் கிடையாது, மீன் பெயர்தான். உசத்தி என்றால் வஞ்சிரம், சுமார் என்றால் சங்கரா, தேறாது என்றால் காரப்பொடி.

"கேமரா நெலாவ புடிக்குது, சரி. நம்ம மூஞ்சிய புடிச்சா யாரோ புது மாப்ள மாரி கீது. காரப்பொடி!"

அத்தோடு அந்த மாடலை எங்கள் தெருவில் யாரும் சீண்டமாட்டார்கள். நான் அதற்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன்.

சாஃப்ட்வேர் அப்டேட் வந்தால் எல்லோரும் அவர் வாயைப் பார்ப்பார்கள். "அது கருவாடு மாரி நைனா. மூணு நாள் காய வுடு. ஈரத்தோட தொட்டா பேஜாரு." இதே விஷயத்தை நான் நாலு பத்தி எழுதியிருந்தேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

தமிழில் டப் செய்து வந்த விண்வெளிப் படம் ஒன்றையும் விடமாட்டார். மறுநாள் டீக்கடையில் அலசல் நடக்கும்.

"கப்பல்ல ஆயிரம் பேரு போறான். ஒருத்தனாவது கொடி கட்டி துணி காயப் போட்டானா? வேற கெரகத்து ஆளு ஏன் எண்ணூர்ல எறங்கல தெரியுமா? மேலேர்ந்து பேக்டரி பொகைய பாத்துகினு, நம்மாளுங்க முன்னாடியே வந்து பட்டறை போட்டுட்டானுங்க போலன்னு திரும்பிப் பூட்டான்!"

டீக்கடையே குலுங்கிச் சிரித்தது. நான் மட்டும் டீயில் சர்க்கரை கம்மி என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி மலர் போன் மாற்ற வேண்டி வந்தபோது, "ஏலம் அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாமே" என்றாள்.

"ஏன், நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்று கத்திவிட்டு, நான் ஐந்து நட்சத்திரம் கொடுத்த போனை அன்றைக்கே வாங்கி வந்தேன்.

மலரின் தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். கப்பல் கரை தொட்டால்தான் பேசுவான். நடுவில் இருபது நாள்கூட ஆகும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது அவன் அழைத்தான். ஈர விரலால் தள்ளினாள், தள்ளினாள், திரை அசையவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எடுப்பதற்குள் நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் தொடர்பு கிடைக்கவில்லை. என்னைத் திட்டியிருந்தால் தேவலை. உட்கார்ந்து அழுதாள்.

"போய் அவர கூட்டிகினு வாங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

போனேன். வந்தார். பின்னாலேயே பாதித் தெருவும் வந்தது. மீன் தண்ணீரில் விரலை நனைத்துப் போனைத் தேய்த்தார். காரப்பொடி என்று ஏலக் குரலில் விழப்போகிறது, என் பிழைப்பும் போயிற்று என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"இரு, வந்துர்றேன்" என்று வீட்டுக்குப் போனவர், ஒரு காகிதக் கட்டோடு திரும்பினார். அத்தனையும் வார இதழிலிருந்து கிழித்த என் விமர்சனப் பக்கங்கள். ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவால் மார்க். புரட்டப் புரட்டக் காரப்பொடி, காரப்பொடி, எப்போதாவது ஒரு சங்கரா. ஒரு பக்கத்தில் மட்டும் வஞ்சிரம் என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார். திரையைத் தொடாமல், பக்கவாட்டில் இருக்கும் சத்தப் பட்டனை அமுக்கியே அழைப்பை எடுக்க செட்டிங்ஸில் வழி இருக்கிறது என்று எப்போதோ எழுதியிருக்கிறேன். இடத்தை நிரப்ப எழுதியது. எனக்கே மறந்துவிட்டது.

அதைப் பார்த்துப் பார்த்து மலரின் போனில் சரி செய்தார். "உன் வூட்டுக்காரர் சொன்னதுதாம்மா இது. மீன்காரங்க அல்லார் போன்லயும் நான் இத்ததான் போட்டுக் குட்த்துகீறேன்" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. போனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினெட்டு நாள் கழித்துத் தம்பி அழைத்தான். மலர் ஈரக் கையால் பட்டனை அமுக்கி எடுத்தாள். எடுத்ததும் ஜன்னல் வழியாக, "ஏலம் அண்ணே, பேசறான்!" என்று கூவினாள். பக்கத்திலேயே நான் நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது அவர் மகளோடு மணலி புதுநகருக்குப் போய்விட்டார். டீக்கடையில் தடையில்லாமல் நான்தான் பேசுகிறேன். யாரும் சிரிப்பதில்லை. விமர்சனத்துக்கு வரும் போன்களை முதலில் மீன் தண்ணீர்க் கையால்தான் தேய்க்கிறேன். ஆபீசில் மூக்கைப் பிடிக்கிறார்கள்.

இதழில் வரும் இந்தப் பக்கமும் அவர் கைக்குப் போகும், பேனா எடுப்பார் என்று தெரியும். வஞ்சிரமெல்லாம் கேட்கவில்லை அண்ணே, ஒரு சங்கரா போடுங்கள், போதும்.