பஜனை கோயிலுக்குப் போன என் பன்னிரண்டு அத்தியாயம்

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. திருவள்ளூர் போய், பைண்டர் பாயிடம் கொடுத்திருந்த என் புத்தகத்தை வாங்கி வரவேண்டும். காக்களூரிலிருந்து நடந்தே போய்விடலாம். இடுப்பில் குழந்தை இருந்தால் தூரம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான்.

இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் என் படிப்பைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு. அடுப்படியில், போன வருஷம் மட்டும், ஒன்பது நாவல். சோக நாவல் படித்த அன்றைக்கெல்லாம் சோறு குழைந்தது. துப்பறியும் நாவல் ஒன்றைப் படித்துவிட்டு ஒரு வாரம் பால்காரரைச் சந்தேகப்பட்டேன். பாவம், அவர் பாலில் தண்ணீர் கலந்ததைத் தவிர வேறு குற்றம் எதுவும் செய்யவில்லை.

ஆனால் ஒன்பதிலும் எனக்கு உயிர், வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைதான்.

எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு பத்திரிகை. வீடு வீடாகச் சுற்றிக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வரும். அட்டை கிழிந்து, எண்ணெய் பட்டு, ஏதோ ஒரு வீட்டின் சாம்பார் வாசனையோடு வரும். ஆனால் கடைசி வீட்டுக்கு ஒரு பெருமை உண்டு. பக்கங்களை வெட்டி எடுத்துப் பைண்டு பண்ணுகிற உரிமை கடைசி வீட்டுக்குத்தான்!

கதாநாயகி விசாலி. அவள் மனசில் இருப்பவன் சந்தானம். அவளைக் கட்டிக்கொள்ளத் துடிப்பவர் மோட்டார் கார் வைத்திருக்கும் ஒரு கிழட்டு மிராசுதார். நாற்பதாவது அத்தியாயத்தில் விசாலி துறைமுகத்தில் நிற்கிறாள். கையில் சந்தானத்தின் கடிதம். இன்னும் பிரிக்கவில்லை. கப்பல் ஊதுகிறது. "ஐயோ!" என்று அலறினேன்.

விசாலிக்காக இல்லை. எனக்கு இடுப்புவலி.

பிள்ளை பிறந்ததும் அத்தை, அதாவது என் மாமியார், ஒரு சட்டம் போட்டார்.

"பச்ச ஒடம்புக்காரி எழுத்த மொறச்சிப் பாத்தா கண்ணு பூத்துப்பூடும். புள்ள குப்புற வுழற வரைக்கும் பேப்பரத் தொடக்கூடாது. புள்ள தலமேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அப்போது இருந்த களைப்பில் எதைக் கேட்டாலும் பண்ணியிருப்பேன். அத்தோடு நிற்கவில்லை. பத்திரிகையில் எங்கள் பங்கையும் நிறுத்திவிட்டார். வெட்டும் உரிமை அடுத்த வீட்டுப் பட்டம்மாவுக்குப் போய்விட்டது.

பட்டம்மாவுக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். இருந்தாலும் எனக்காக, படத்தில் விசாலியின் கொண்டையை அடையாளம் பார்த்து, வாராவாரம் பக்கங்களை அறுத்து வைத்தாள். பன்னிரண்டு வாரம் கழித்து ஒருநாள் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"கதை முடிஞ்சிபோச்சி ருக்கு. 'முற்றும்'னு போட்டுக்கிது. அந்த எழுத்து எனக்கே தெரியும்."

முடிவு என் கையில்! பிள்ளையோ மல்லாந்து படுத்து விட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். குப்புற விழுகிற எண்ணமே அவனுக்கு இல்லை.

தலைப்பு, படம் எல்லாம் நீக்கி ஓரம் வெட்டி அடுக்கினால்தான் பைண்டு அழகாக வரும். சத்தியம் இருக்கிறதே! கண்ணைப் பாதி மூடிக்கொண்டு வெட்டினேன். அங்கங்கே நாலு வரி கதையும் சேர்ந்து போயிற்று. பிறகு பிள்ளைக்கு அம்மை குத்தப் போன அன்று, அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு பாயின் கடைக்குப் போனேன். முதல் நாற்பது அத்தியாயத்தை என் வீட்டுக்காரர் ஏற்கெனவே அங்கே கொடுத்திருந்தார்.

"இதையும் அதோட சேத்துடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

கடையில் மூன்று ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் படியேறாமல் ஓரமாக ஒதுங்கினேன். ஜன்னல் ஓரமாகக் காகிதக் கட்டுகள் குப்புறக் கிடந்தன. ஒன்றின்மேல் என் கட்டையும் அப்படியே குப்புற வைத்தேன். பாய் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நான் தெருமுனையில் இருந்தேன்.

அவருக்கே தெரியும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். பைண்டர் ஆயிற்றே!

ஒரு மாதம் கழித்துப் பிள்ளை குப்புற விழுந்தான். ஊரில் எந்தத் தாயும் அதற்கு அப்படித் துள்ளியிருக்க மாட்டாள். மறுநாள் காலையில் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் கிளம்பினேன். நான் முதலில் சொன்ன ஒரே வேலை அதுதான்.

பாய் புத்தகத்தைக் கொடுத்தார். சிவப்புக் காலிகோத் துணி முதுகு. நல்ல பசை வாசனை. புரட்டினேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. அட்டை!

அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பாயிடம் பேசினேன்.

"மீதி?"

"இன்னா மீதி?"

"பன்னெண்டு அத்தியாயம். நான் ஜன்னல்ல வெச்சேனே."

"எங்கிட்ட சொன்னியாம்மா?"

"இல்ல. வெச்சிட்டுப் போய்ட்டேன்."

"ஜன்னல்ல வெச்சா ஜன்னலுக்குத்தான் தெரியும், எனக்கு எப்டிம்மா தெரியும்? இன்னொருத்தர் கட்டு மேல வெச்சிருப்பே. நான் ஒரே கட்டுன்னு சேத்துத் தெச்சிருப்பேன். இந்த மாசம் எத்தினி புஸ்தகம் போயிக்கிது! பேஜாரா பூட்ச்சேம்மா."

யாருடைய புத்தகம் என்று அவருக்குத் தெரியவில்லை. தப்பு என்னுடையது, அதனால் திட்டவும் வழியில்லை. வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். பிள்ளை என் மூக்கைப் பிடித்து விளையாடிக்கொண்டே வந்தான்.

அது புரட்டாசி மாதம். தினமும் விளக்கு வைத்ததும் எங்கள் ஊர்ப் பஜனை கோயிலில் ஒரு மணி நேரம் உபந்நியாசம். சொல்கிறவர் தாலுக்கா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். புத்தகத்தைப் பார்த்துப் படிப்பார், பிறகு தத்துவம் சொல்வார். அத்தை ஒருநாளும் தவறமாட்டார்.

அன்றைக்குக் கோயிலிலிருந்து வந்தவர் சுண்டலை என் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார்.

"இன்னிக்கி நைனா புதுசா ஒன்னு ஆரம்பிச்சாருடி. அடடா! ஒரு பொண்ணு. விசாலின்னு பேரு. கைல கடுதாசிய வெச்சிக்கினு கப்பலாண்ட நிக்கிறா..."

சுண்டல் கீழே கொட்டியது.

"யாரு அத்த?"

"விசாலிடி. ஜீவாத்மாவாம். கப்பல்தான் மோட்சமாம். இன்னாமா சொல்றாரு நைனா! அழுவாத ஆளு இல்ல."

விஷயம் விளங்கிவிட்டது. நைனா பத்திரிகையில் வந்த பக்திக் கட்டுரைகளை வெட்டிப் பைண்டுக்குக் கொடுத்திருக்கிறார். அதன் கடைசியில் என் விசாலி போய் உட்கார்ந்திருக்கிறாள்!

மறுநாள் அத்தைக்கு முன்னால் நான் கிளம்பி நின்றேன். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். "எம் மருமவளுக்குக் கோயில் புத்தி வந்துட்ச்சி!"

தூணுக்குப் பின்னால் பிள்ளையோடு உட்கார்ந்தேன். நைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் கதையைப் படித்தார். நன்றாகவே படித்தார். சபையில் கேள்வி பறந்தது.

"அந்தக் கெழட்டு மிராசுதாரு யாரு நைனா?"

"அதுதான் மாயை."

"மாயைக்கு எதுக்கு நைனா மோட்டார் காரு?"

"மாயை நடந்தா வரும்? வேகமா வந்து மோதும். நம்ம ஜாக்கிரதையா இருக்கணும்."

"சந்தானம் சிகரெட்டு குடிக்கிறானே?"

"அது வேள்விப் புகை."

ஓரிடத்தில் நைனா நின்றார். புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கத்தரிக்கோல் வேலை செய்த இடம்!

"இங்க நாலு வரி காணோம்" என்றார். உடனே குரலைத் தாழ்த்தினார். "பரம ரகசியம். பெரியவங்க வேணும்னே மறச்சி வெச்சிருக்காங்க."

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க போய்க் கேட்டு வாங்கிக் குடுங்க."

"இன்னான்னு கேக்கறது? 'நைனா, நீங்க சொல்றது உபந்நியாசம் இல்ல, எம் பொண்டாட்டி படிக்கிற நாவலு'ன்னா? நான் இந்த ஊர்ல குடியிருக்க வாணாமா?"

"அப்ப நான் எப்டி முடிவு தெரிஞ்சிக்கறது?"

"தெனம் ஒரு அத்தியாயம் படிக்கிறாரில்ல? போய்க் கேளு. சுண்டலும் கெடைக்கும்."

வேறு வழியில்லாமல் தினமும் போனேன். கூட்டம் பெருகியது. புதுவாயலில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார்கூட இதற்கென்றே பிறந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். பதினோரு அத்தியாயம் ஆகியும் விசாலி அந்தக் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை! துறைமுகத்தில் மழை பெய்தது. மிராசுதார் வந்தார், போனார். விசாலி மயங்கி விழுந்தாள், எழுந்தாள். கடிதம் மட்டும் பிரியவில்லை. முதல் நாற்பதை வாரத்துக்கு ஒன்றாகப் படித்தபோது இந்த இழுவை எனக்கு உறைக்கவே இல்லை. தினமும் கேட்கும்போதுதான், கதை எழுதினவருக்கும் முடிவு தெரியாதோ என்று சந்தேகம் வந்தது.

"ஏன் நைனா பிரிக்க மாட்டேங்கிறா?"

"அஞ்ஞானம்."

"பிரிச்சித் தொலைக்கச் சொல்லு நைனா!"

கடைசி நாள். கோயிலில் நிற்க இடமில்லை. நைனா பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். படித்தார்.

"விசாலி நடுங்கும் விரல்களால் கடிதத்தைப் பிரித்தாள்."

"ஆ!" என்றது கூட்டம்.

"முதல் வரியைப் படித்தாள். அவள் முகம்..."

நைனா பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கம் இல்லை. அட்டைதான் இருந்தது. ஒரு நிமிஷம் அட்டையையே பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி, கையைத் தூக்கினார்.

"முகம் எப்படி ஆயிற்று? அது பகவானுக்குத்தான் தெரியும். மங்களம்!"

"மங்களமா? இன்னா நைனா இது, அநியாயமா இருக்குது!"

"கடுதாசில இன்னா எழுதிக்கிது? அதச் சொல்லு!"

"பன்னெண்டு நாளா வேலவெட்டிய வுட்டுட்டு வந்துக்கினு இருக்கோம்!"

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அட்டையில ஒட்டிக்கினு இருக்குது நைனா! பைண்டர் கடைசித் தாளை அட்டையோட சேத்து ஒட்டிட்டிருப்பாரு. பிரிச்சிப் பாருங்க!"

யாரடா அது என்று எல்லாரும் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. பேசினது நான்!

"உனக்கெப்டிம்மா தெரியும்?" என்றார் நைனா.

இனிமேல் வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது? ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். "அது என் கதை நைனா. பத்திரிகையில வந்த தொடர்கதை. நான்தான் வெட்டிக் கொண்டுபோய் பாய் கடை ஜன்னல்ல, தெரியாம உங்க கட்டு மேல வெச்சிட்டேன்."

முதலில் அத்தைதான் வாயைத் திறந்தார்.

"அப்ப ஜீவாத்மா?"

நைனாவின் முகம் சிவந்தது. பிறகு வெளுத்தது. தாலுக்கா ஆபீசில் முப்பது வருஷம் இருந்தவர் இல்லையா? சமாளித்துக்கொண்டார்.

"எல்லாரும் ஜீவாத்மாதாம்மா. நாவல்ல வந்தா மட்டும் இல்லன்னு ஆயிடுமா?"

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம் நைனா" என்றாள் நாத்தனார். "மொதல்ல அட்டையப் பிரி."

சுண்டல் வெந்துகொண்டிருந்த அண்டாவின் ஆவியில் புத்தகத்தை விரித்துப் பிடித்தார்கள். நாலு பேர் பிடிக்க, எட்டுப் பேர் யோசனை சொன்னார்கள். பசை இளகியது. நைனா தம் விரலாலேயே தாளை உரித்தார். உரித்து என்னிடம் நீட்டினார்.

"நீயே படிம்மா. உன் கதையாச்சே."

பைண்டர் பாயிடம் ஒரு வார்த்தை சொல்ல வராத நான், ஊர் முழுக்கக் கூடியிருக்க உரக்கப் படித்தேன்.

"அவள் முகம் வெளுத்தது. கப்பல் மறுபடி ஊதியது. விசாலி ஒரு முடிவுக்கு வந்தாள்."

அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் இருந்தது.

"முதல் பாகம் முற்றும். இரண்டாம் பாகம் அடுத்த இதழில் ஆரம்பம்."

எல்லாரும் பட்டம்மாவைப் பார்த்தார்கள்.

"என்ன ஏன் மொறைக்கிறீங்க?" என்றாள் அவள். "முற்றும்னு போட்டா முடிஞ்சிட்ச்சின்னுதான அர்த்தம்? அதுக்கு அடுத்த வாரம் படத்துல கொண்டையே இல்ல. பின்னல் போட்டுக்கினு ஒருத்தி இருந்தா. வேற கதன்னு நெனச்சி, பேப்பரையெல்லாம் மளிகைக் கடைக்குப் போட்டுட்டேன்."

மறுநாள் காலையில் மளிகைக் கடையில் அப்படி ஒரு கூட்டம். நைனாவே மிளகாய் வாங்க வந்து நின்றார். யாருக்கும் சாமான் மேல் கண் இல்லை, கட்டித் தருகிற காகிதத்தின் மேல்தான் கண். கடைக்காரர் ஒன்றும் புரியாமல் பொட்டலம் கட்டிக்கொண்டே இருந்தார்.

அத்தை வாங்கி வந்த கடுகுப் பொட்டலத்தில் அரைப் பக்கம் கிடைத்தது. அதில் விசாலி கைக்குழந்தையோடு ரயிலில் போகிறாள்.

அது யார் குழந்தை என்பது இன்னும் மளிகைக் கடையில்தான் இருக்கிறது.