துரைக்குச் சீனி ஆகாது

எதையாவது அரைகுறையாகப் படித்துவிட்டு உடனே செய்துபார்க்கத் துடிக்கும் பெண்ணிடம் பூனையை ஒப்படைத்துவிட்டு வெளியூர் போகக் கூடாது. என் மாமியார் போனார்.

எனக்குக் கல்யாணமாகி அப்போது நான்கு மாதம். மலேசியாவில், கோல சிலாங்கூரில் மாமியார் வீட்டிலேயே குடித்தனம். சபாக்கில் இருக்கும் நாத்தனாருக்குக் கால் சுளுக்கிவிட்டதால் அத்தை ஒரு வாரம் அங்கே தங்கக் கிளம்பினார். தன் மகனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. பூனையைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினார்.

பூனையின் பெயர் துரை. தோட்டத்துத் துரை மாதிரி வயிறு முதலில் வரும், அவன் பின்னால் வருவான். மாமனார் இறந்த வாரத்தில் வழிதவறி வீட்டுக்குள் வந்த குட்டியாம்.

"அந்த நேரத்துல இவன்கிட்டதாம்மா பேசிக்கிட்டு இருந்தேன். பத்தரமா பாத்துக்க" என்றார் அத்தை.

அன்று மத்தியானம் துரைக்குப் பூனைத்தீனி டின்னைத் திறந்தவள், திறந்தோமா வைத்தோமா என்று இல்லாமல் அதன் முதுகில் அச்சடித்திருந்ததைப் படித்தேன். மீன், கோழி, ஏதோ மாவு, கடைசியில் பொடி எழுத்தில் சீனி!

கைப்பேசியில் தேடினேன். ஒருவர் விஷம் என்றார். இன்னொருவர் சர்க்கரை வியாதி, அதாவது இனிப்புநீர் வந்து பின்னங்கால் விழுந்துவிடும் என்றார். திரும்பிப் பார்த்தால் துரை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். (இனிப்புநீர்க்காரர்கள்தானே அடிக்கடி தண்ணீர் குடிப்பார்கள்? எனக்கு ஊர்ஜிதமாகிவிட்டது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது என்பது தோன்றவில்லை.)

மிச்சமிருந்த டின்களை எல்லாம் எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவின் பூனைகளுக்குக் கொடுத்துவிட்டேன். (விஷம் என்று நம்பியதை எதற்கு அடுத்தவர் பூனைக்குக் கொடுத்தாய் என்று என் கணவர் அருள் இன்றும் கேட்கிறார்.)

பிறகு கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி மீனை உப்பில்லாமல் அவித்து, முள்ளெடுத்து, பூசணிக்காயோடு மசித்து வைத்தேன். துரை மோந்து பார்த்தான். தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டி, மண் போட்டு மூடுவது போல மூடினான். பூனை எதை அப்படி மூடும் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் நாளும் மூடினான். மூன்றாம் நாள் மூடக்கூடத் தெம்பில்லாமல் அலமாரிக்கு அடியில் படுத்துக்கொண்டான்.

அத்தை தினமும் போன் செய்தார். "சாப்புடுறானா?"

"நல்லா சாப்புடுறான் அத்தை."

நான்காம் நாள் பயம் பிடித்துக்கொண்டது. கூடையில் தூக்கிப்போட்டுக்கொண்டு மிருக டாக்டரிடம் ஓடினேன். டின்னில் இருந்த சீனியைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மா இரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"சீனி சரியாத்தான் இருக்கு. பூனைக்குச் சீனி தேவையில்ல, அது உண்மை. இனிப்பு ருசியே அதுக்குத் தெரியாது. குழம்பு நல்ல நிறமா தெரியணும்னு கொஞ்சம் போடுவாங்க, அது வாங்குற நம்ம கண்ணுக்கு. அந்தக் கொஞ்சம் விஷமில்லலா. வேணாம்னா சீனி இல்லாத டின்னா பார்த்து, பழசோட கலந்து மெதுவா மாத்துங்க. இவனுக்குப் பிரச்சினை தொப்பை. அதவிடப் பெரிய ஆபத்து, இவ்ளோ குண்டுப் பூனை பட்டினி கிடக்குறது. ஈரல் கெட்டுப்போயிடும். யாரு பட்டினி போட்டது?"

அறையில் டாக்டரையும் பூனையையும் விட்டால் நான் ஒருத்திதான் இருந்தேன்.

ஊசி போட்டார். இன்றைக்குள் சாப்பிடாவிட்டால் நாளை கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும் என்றார். வழியிலேயே பழைய டின்னை வாங்கி, வீட்டில் சுடுநீரில் வைத்துச் சூடாக்கி நீட்டினேன். துரை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். என் கையால் எது வந்தாலும் அவனுக்கு நம்பிக்கையில்லை.

அழுகை வந்துவிட்டது. அத்தைக்கு என்ன பதில் சொல்வேன்? அப்போதுதான் என் அக்கா, குழந்தைக்குச் சோறூட்டும்போது தான் முதலில் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுவது நினைவுக்கு வந்தது. தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்தேன். கரண்டியால் அள்ளி வாயில் போட்டேன்.

"ம்ம்ம்! துரை, எவ்ளோ ருசி பாரு!"

(இனிப்பா? துளிகூட இல்லை. மீன்வலையைக் கோழிச்சாற்றில் ஊறவைத்தது போல இருந்தது.)

ஒரு காது திரும்பியது. இரண்டாவது கரண்டிக்குத் தலை திரும்பியது. மூன்றாவதை நான் வாய் நிறைய அடக்கிக்கொண்டபோது துரை எழுந்து வந்து டின்னுக்குள் முகத்தை விட்டான். ஆனந்தத்தில் நிமிர்ந்தேன்.

வாசலில் அத்தை நின்றார், நாத்தனாரின் கால் தேறியதால் நாலாம் நாளே திரும்பியவர். பக்கத்தில், அவரைச் சபாக்கிலிருந்து தன் காரில் ஏற்றிவந்த எங்கள் தேவாலயத்துப் பங்கு ஃபாதர்.

அத்தை டின்னைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். உப்பிய என் கன்னத்தைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"ஃபாதர், மசக்கை! அருள் வயித்துல இருந்தப்ப நான் செங்கல்ல நக்குனேன்!"

நான் விழுங்கி முடிப்பதற்குள் ஃபாதர் என் தலையில் கைவைத்து, கண்ணை மூடி, ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். நல்ல நீளமான ஜெபம். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அத்தை சபாக்குக்கு போன் போட்டு முடித்து, எதிர்வீட்டுக்குப் போயிருந்தார்.

பாமாயில் ஆலையில் வேலை முடிந்து அருள் ஓடிவந்தார். "நான் அப்பா ஆகப்போறேன்னு ஆலை வாட்ச்மேன் கைகுடுக்குறாரு. உனக்கு ஏதாவது தெரியுமா?"

எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். எதிர்வீட்டிலிருந்து திரும்பியிருந்த அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப புள்ள இல்லையா?"

"இல்ல அத்தை."

"துரை சாப்புட்டானா?"

"முழு டின்னும் சாப்புட்டான்."

"அவனுக்காகவா அந்தக் கருமத்தத் தின்ன?" என்றவர், எழுந்து போய் எனக்குக் காப்பி கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். "வாயக் கழுவிட்டுக் குடி."

அதன்பின் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. இரண்டு வருடம் கழித்து எனக்கு உண்மையிலேயே நாள் தள்ளியது. அத்தை போனில் சொன்னதும் நாத்தனார் வாழ்த்தவில்லை; ஒரு கேள்விதான் கேட்டார். இன்றுவரை எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண் நல்ல சேதி சொன்னாலும் முதலில் அந்தக் கேள்விதான் வருகிறது.

"டாக்டர் சொன்னாரா, டின்னு சொன்னுச்சா?"